பதிவே தேவையில்லாத உதவிக்குப் பதிவுப் பக்கங்கள்: தேடல் சொற்களை வைத்து யார் யாரைப் பிடிக்கிறார்கள்?

2025 ஜூலை 23-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்பைச் செய்தார். 18 வயதும் அதற்கு மேலும் உள்ள மலேசியர் ஒவ்வொருவருக்கும் ‘சாரா’ எனப்படும் அடிப்படை ரஹ்மா உதவியின் வழி 100 ரிங்கிட் வழங்கப்படும். ஆகஸ்ட் 31 முதல் அந்தத் தொகை மைகார்ட்டிலேயே சேர்க்கப்பட்டுவிடும். ஆண்டு முடிவதற்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட கடைகளில் அடிப்படைப் பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். இதற்கு விண்ணப்பம் இல்லை, பதிவும் இல்லை. கையில் மைகார்ட் இருந்தால் போதும்.

இருந்தும், இப்படி ஓர் அறிவிப்பு வெளியான அன்று மாலையே கைப்பேசியில் பலர் தட்டும் முதல் சொல் ‘டஃப்தார்’, அதாவது ‘பதிவு’. இதில் வியப்பில்லை. 2012-இல் ‘பிரிம்’ 500 ரிங்கிட் வந்த காலம் முதல் அரசாங்க உதவி என்றாலே பாரம் நிரப்ப வேண்டும், பெயர் பதிய வேண்டும், தவறினால் கிடைக்காது என்பது மக்கள் மனதில் ஊன்றிவிட்டது. ‘பிரிம்’ பெயர் மாறி மாறி இன்று ‘எஸ்டிஆர்’ என நிற்கிறது. பெயர் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

2025 செப்டம்பர் இறுதியில் ‘பூடி95’ பெட்ரோல் உதவித் திட்டம் தொடங்கியபோதும் இதே நிலைதான். தகுதியுள்ள மலேசியர் மைகார்ட்டைக் காட்டி லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென் விலையில் ரோன்95 எண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம். சாதாரண வாகனமோட்டிகள் அதற்கும் தனியாகப் பதிய வேண்டியதில்லை.

பதிவே இல்லாத ஒன்றுக்குப் பதிவு செய்யும் இடத்தை நாம் தேடுகிறோம். அப்படித் தேடுவோம் என்பதை முன்கூட்டியே கணித்து, அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வெறும் விளம்பர வருமானத்துக்காகக் காத்திருக்கிறார்கள். சிலர் நம் அடையாள அட்டை எண்ணுக்காகவும் வங்கிக் கணக்குக்காகவும் காத்திருக்கிறார்கள்.

சொல் எப்படித் தூண்டிலாகிறது?

தேடல் சொல்லை வைத்து ஆள் சேர்ப்பது புதிய வித்தை அன்று. அது குற்றமும் அன்று. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூமாலை கட்டி விற்கும் ஒருவர், ‘கிள்ளான் திருமண மாலை’ என்ற சொற்களைத் தம் பக்கத்தில் தெளிவாக எழுதி வைத்தால், அவற்றைத் தேடுபவர் அவரைக் கண்டுபிடிப்பார். இருவருக்கும் நன்மை. கடைக்கு வெளியே பெயர்ப் பலகை மாட்டுவது போன்றதுதான் இது.

தொடக்க காலத்தில் ஒரு பக்கத்தில் எந்தச் சொல் அதிகமாக வருகிறதோ அந்தப் பக்கமே மேலே வரும் நிலை இருந்தது. அதனால் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக நூறு முறை ஒரே சொல்லை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சொற்பட்டியலைத் திணித்தவர்களும் உண்டு. தரவரிசைக்கு அந்த மறைவுப் பட்டியலைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்று தலைப்பு, பக்கத்தின் உள்ளடக்கம், வேறு எத்தனை நல்ல பக்கங்கள் அதைச் சுட்டுகின்றன என்பன போன்ற பல காரணிகளைப் பார்த்தே வரிசை முடிவாகிறது.

ஆனால் வரிசையில் மேலே வர இரண்டு குறுக்கு வழிகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. ஒன்று விளம்பரம். எந்தச் சொல்லை மாதத்துக்கு ஏறக்குறைய எத்தனை பேர் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டும் கருவியைக் கூகுளே வழங்குகிறது. விளம்பரதாரர் அந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்கலாம். வென்றால் அவருடைய பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே, ‘ஆதரவளிக்கப்பட்டது’ என்ற பொருள்தரும் சிறிய எழுத்துடன் தோன்றும். அவசரத்தில் தேடுபவர் கண்ணுக்கு அந்தச் சிறிய எழுத்து தெரிவதில்லை.

மற்றொன்று, புதிய சொல் பிறக்கும் அந்தச் சில மணி நேரம். ‘பூடி95’ என்ற சொல் அறிவிக்கப்படுவதற்கு முன் அதைப் பற்றி உலகில் எந்தப் பக்கமும் இல்லை. அறிவித்த பின் மக்கள் கூட்டமாகத் தேடுகிறார்கள். அதிகாரப்பூர்வ விளக்கம் முழுமையாக வருவதற்குள் முந்திக்கொண்டு எழுதுபவருக்கே முதலிடம் கிடைக்கிறது. 2024 தொடக்கத்தில் ‘பாடு’ தரவுத் தளம், அதே ஆண்டு மே மாதம் இபிஎஃப் மூன்றாம் கணக்கு, ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வரவுசெலவுத் திட்டம் என இந்தச் சொற்களுக்கும் ஒரு பருவம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் மழைக்காலம் பார்த்து வேலையைத் திட்டமிடுவது போல, இவர்கள் அறிவிப்புக் காலம் பார்த்துப் பக்கங்களைத் திட்டமிடுகிறார்கள்.

மூன்று வகைப் பக்கங்கள்

இப்படிக் காத்திருக்கும் பக்கங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, விளம்பர வருமானத்துக்காக எழுதப்படும் பக்கங்கள். ‘எஸ்டிஆர் பணம் எப்போது வரும்?’ என்று தலைப்பு இருக்கும். உள்ளே போனால் பத்துப் பத்தி தாண்டியும் விடை வராது. இடையிடையே விளம்பரம் மட்டும் வரும். இது மோசடி அன்று. ஆனால் நேர விரயம். சில வேளைகளில் சென்ற ஆண்டுத் தகவலுக்கு இந்த ஆண்டின் தலைப்பைப் போட்டிருப்பார்கள். தேடுபவர்களுக்கு உதவாமல் வரிசையைக் கைப்பற்றுவதற்காகவே பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிராக, 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளைக் கடுமையாக்கியது. இருந்தாலும் அவை முற்றாக மறைந்துவிடவில்லை.

இரண்டாம் வகை, தகவல் சேகரிக்கும் பக்கங்கள். ‘நீங்கள் தகுதி பெற்றவரா? சரிபாருங்கள்’ என்று ஒரு சிறிய பாரம் இருக்கும். பெயர், கைப்பேசி எண், மாத வருமானம், சில இடங்களில் அடையாள அட்டை எண்ணும் கேட்பார்கள். நிரப்பிய மறுநாள் முதல் கடன், காப்புறுதி, முதலீடு என்று அழைப்புகள் வரத் தொடங்கும். அந்த எண் எங்கிருந்து எங்கே போனது என்பதை நிரப்பியவர் அறிய வழியில்லை.

மூன்றாம் வகைதான் ஆபத்தானது. அரசாங்கப் பக்கம் போலவே சின்னம், நிறம், அமைச்சர் படம் எல்லாம் வைத்து, வங்கிக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கங்கள் அவை. சில, கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கச் சொல்லும். எஸ்டிஆர் உதவியை நிர்வகிக்கும் உள்நாட்டு வருமான வரி வாரியம் போலி இணைப்புகள் குறித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை வரும், அந்தப் பக்கம் முடக்கப்படும், வேறு முகவரியில் அதே பக்கம் மீண்டும் முளைக்கும்.

கடன் தேடுபவர் சொல்லும் இரகசியம்

உதவித் தொகைச் சொற்களைவிட இன்னும் கூர்மையான தூண்டில் கடன் சொற்களில் இருக்கிறது. ‘பிஞ்ஜாமான் செகெரா’ (உடனடிக் கடன்), ‘தான்பா ஸ்லிப் காஜி’ (சம்பளச் சீட்டு இல்லாமல்), ‘சிடிஓஎஸ் பெயர் கெட்டாலும் கிடைக்கும்’ போன்ற சொற்றொடர்களைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

‘வங்கிக் கடன்’ என்று தேடுபவர் தமக்குக் கடன் வேண்டும் என்று மட்டுமே சொல்கிறார். ‘சம்பளச் சீட்டு இல்லாமல் இன்றே கடன்’ என்று தேடுபவர் அதைவிட மிகுதியாகச் சொல்லிவிடுகிறார். அவருக்கு நிலையான வேலை இல்லை, வங்கி கைவிட்டுவிட்டது, இன்று மாலைக்குள் பணம் வேண்டும், பேரம் பேசும் நிலையில் அவர் இல்லை. இவ்வளவையும் ஐந்தாறு சொற்களில் முன்பின் தெரியாதவரிடம் அவர் ஒப்படைக்கிறார். நெருங்கிய உறவினரிடம்கூடச் சொல்லக் கூசும் செய்தி அது. விளம்பரதாரர் அந்தச் சொற்களுக்குத்தான் விலை கொடுக்கிறார்.

நம் சமூகத்தில் இந்தச் சொற்களைத் தட்டுபவர்கள் யார் என்று ஊகிப்பது கடினம் அன்று. தோட்டம் துண்டாடப்பட்ட பின் நகர்ப்புறத்துக்கு வந்து குத்தகை வேலை செய்பவர், லோரி உதவியாள், உணவு விநியோகம் செய்யும் இளைஞர், வீட்டிலிருந்தே பலகாரம் சுட்டு விற்கும் தாய்மார் போன்றோரிடம் உழைப்பு இருக்கிறது. ஆனால் சம்பளச் சீட்டு இல்லை. பள்ளி திறக்கும் ஜனவரி, தீபாவளி, வீட்டில் ஒரு மரணம் என எது வந்தாலும் கை நீளுவது கைப்பேசிக்குத்தான்.

அந்தப் பக்கத்தின் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் கடனே கொடுப்பதில்லை. போலீசார் இதை ‘இல்லாத கடன் மோசடி’ என்று தனி வகையாகவே பார்க்கிறார்கள். 10,000 ரிங்கிட் அங்கீகரிக்கப்பட்டுவிட்டது என்று புலனத்தில் ஒரு கடிதம் வரும். பிறகு செயல்முறைக் கட்டணம் 300, முத்திரைக் கட்டணம் 500, காப்புறுதி 800 என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். முன்பு கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற பயத்தில் அடுத்ததையும் கட்டுவார்கள். கடைசியில் அந்த எண் வேலை செய்யாது. சிலரிடம் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கணக்கு வேறொரு மோசடிக்குப் பயன்பட்டால், பணத்தை இழந்தவரே போலீஸ் விசாரணைக்கும் போக வேண்டியிருக்கும். கணக்கை இரவல் கொடுப்பதைத் தண்டிக்கும் பிரிவுகள் 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன.

கடன் உண்மையாகவே கிடைத்தால் அது பெரும்பாலும் வட்டி முதலையின் கடனாக இருக்கும். 1951-ஆம் ஆண்டு வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி உரிமம் பெற்றவர், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அடமானம் இருந்தால் 12 விழுக்காடு. அதாவது 1,000 ரிங்கிட்டுக்கு ஓர் ஆண்டு வட்டி அதிகபட்சம் 180 ரிங்கிட். வாரத்துக்கு 10 விழுக்காடு என்று ஒருவர் கேட்டால், ஆண்டுக் கணக்கில் அது வட்டி மட்டும் 5,200 ரிங்கிட். கணக்கைப் போட்டுப் பார்த்தாலே யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்துவிடும்.

‘பெயர் கெட்டவர்களுக்கும் கடன்’ என்ற வாசகத்திலும் ஒரு பொய் மறைந்திருக்கிறது. பேங்க் நெகாராவின் ‘சிசிரிஸ்’ பதிவு என்பது கறுப்புப் பட்டியல் அன்று. ஒருவர் கடனை எப்படிக் கட்டி வருகிறார் என்பதை அது பதிவு செய்கிறது. கடந்த 12 மாத நிலையைக் காட்டுகிறது. ஒழுங்காகக் கட்டினால் படம் மாறும். ‘பணம் கொடுங்கள், பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம்’ என்பவருக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது.

தமிழில் தேடினால் என்ன கிடைக்கிறது?

இங்கே தமிழ் சார்ந்த ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘தனிநபர் கடன்’ என்றோ ‘அரசு உதவித் தொகை’ என்றோ தமிழில் தட்டினால், வரிசையில் பெரும்பாலும் இந்திய வங்கிகளும் தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களும்தான் வந்து நிற்கும். கோலகெட்டிலில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டு மகளிர் உரிமைத் தொகையின் விவரம் எதற்கு? அதனால் நம்மவர்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ தேடுகிறார்கள். அங்கேதான் தூண்டில்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன.

நம் பக்கத்திலும் குறை இருக்கிறது. இந்தியத் தொழில்முனைவர்களுக்கு தெக்குன் நேஷனலின் ‘ஸ்புமி’ கடனுதவி இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியாரின் ‘பெண்’ திட்டம் இருக்கிறது. கடனில் சிக்கியவர்களுக்கு 2006 முதல் இயங்கிவரும் ‘ஏகேபிகே’ கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. இவை குறித்து மேடையில் பேசப்படுகிறது, நாளிதழில் படம் வருகிறது, புலனத்தில் சுவரொட்டி சுற்றுகிறது. ஆனால் சுவரொட்டி என்பது படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடு பொறி ஒரு பக்கத்தை மேலே கொண்டுவருவது அரிது. ஒரு வாரத்தில் அது புலனக் குழுவின் அடியில் புதைந்துவிடும்.

எழுதப்படும் சில பக்கங்களிலும் சொல் பொருந்துவதில்லை. நாம் ‘ரொக்க உதவி விண்ணப்ப நிலவரம்’ என்று நல்ல தமிழில் எழுதுகிறோம். மக்கள் தட்டுவது ‘எஸ்டிஆர் செக்’. நல்ல தமிழ் வேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. அந்த நல்ல தமிழ்ப் பத்தியின் தலைப்பிலாவது மக்கள் வாயில் புழங்கும் சொல் இருக்க வேண்டும். மோசடிக்காரன் மக்களின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்கிறான். உதவ வேண்டியவர்கள் தங்கள் சொல்லையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இடைவெளியில்தான் பணம் பறிபோகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2025 ஜனவரி 1 முதல், நாட்டில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களும் செய்திப் பரிமாற்றச் சேவைகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. 2025-ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் நிதி மோசடி உள்ளடக்கத்தை முன்னுரிமை கொடுத்துத் தடுக்க வேண்டிய தீங்காக வகைப்படுத்துகிறது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் உரிம விதியின் பார்வை முகநூல், புலனம், டிக்டாக் போன்றவற்றின் மீதே இருக்கிறது. தேடல் வரிசையில் காசு கொடுத்து மேலே வரும் கடன் விளம்பரம் குறித்தும் அதே கண்டிப்பு வேண்டும். வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருவது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு. அந்த உரிமப் பட்டியலில் இல்லாதவரின் கடன் விளம்பரத்தை ஏற்கக் கூடாது என்று தேடல் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தினால் பாதிச் சிக்கல் குறையும்.

தட்டும் முன், தட்டிய பின்

அதுவரை குடும்பத்துக்குள் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், ‘இதற்குப் பதிவு வேண்டுமா?’ என்று கேட்க வேண்டும். சாரா 100 ரிங்கிட்டுக்கும் பூடி95-க்கும் வேண்டியதில்லை என்பது தெரிந்திருந்தால் ‘டஃப்தார்’ என்று தேடியிருக்கவே மாட்டோம்.

அடுத்து, முகவரியைப் படிக்க வேண்டும். முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதி ‘ஜி-ஓ-வி, புள்ளி, எம்-ஒய்’ என்று முடிந்தால் அது அரசாங்க முகவரி. நடுவில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருந்தாலோ, அதற்குப் பின்னால் வேறு ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தாலோ ஒதுங்கிவிட வேண்டும். இதற்கு விதிவிலக்கும் உண்டு. சாரா நிலவரத்தைப் பார்க்கும் மைகாசே பக்கமும் ஏகேபிகே பக்கமும் அந்த முடிவைக் கொண்டவை அல்ல. அவற்றுக்குத் தேடல் வழியாகப் போகாமல், நிதியமைச்சு அல்லது பேங்க் நெகாரா பக்கத்தில் உள்ள இணைப்பைப் பிடித்துப் போவதே பாதுகாப்பு.

கடன் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: பணம் கைக்கு வருமுன் பணம் கேட்பவரிடம் கடன் வாங்கக் கூடாது. உரிமம் பெற்றவர் என்றால் ‘ஜடுவால் ஜே’ அல்லது ‘ஜடுவால் கே’ எனப்படும் ஒப்பந்தப் பாரத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். ஏடிஎம் அட்டையைக் கேட்கக் கூடாது. பணம் செலுத்தச் சொல்லும் கணக்கு எண்ணைப் போலீசாரின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே பெயர் இல்லை என்பதற்காக நல்லவர் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மைய எண்ணுக்கும் வங்கிக்கும் அழைக்க வேண்டும். வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைத்தால், அந்த இரண்டு நாளில் பணம் பல கணக்குகள் தாண்டிவிடும்.

பொது அமைப்புகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த உதவி அறிவிக்கப்படும் அன்றே, மக்கள் எந்தச் சொல்லைத் தட்டுவார்களோ அதைத் தலைப்பாக வைத்து, ‘இதற்குப் பதிவு தேவையில்லை’ என்பதை முதல் வரியிலேயே தமிழில் எழுதி ஒரு பக்கத்தை வெளியிடலாம். இதற்கு மானியம் வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஒரு தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ, ஆலய நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். தூண்டில் போடுபவர்கள் அறிவிப்பு வந்த அன்றே எழுதிவிடுகிறார்கள். நாம் மறுவாரம் எழுதினால் அதைப் படிக்கத் தேடுபவர் இருக்க மாட்டார்.